பட்டணம் மூன்று முறை காலியான கதை



கெட்டிக்கார ஆளைப் பார்த்தால் "அவன் பெரிய எம்டன்" என்று சொல்வோம். எம்டன் ஒரு ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர். முதல் உலகப்போர் தொடங்கிய 1914ஆம் ஆண்டு, செப்டம்பர் 22ஆம் தேதி இரவு அந்தக் கப்பல் சென்னைக்கு வந்து குண்டு வீசியது. துறைமுகத்தில் இருந்த எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. கப்பல் சீக்கிரமே போய்விட்டது. ஆனாலும் திரும்ப வருமோ என்ற பயத்தில் ஏராளமான ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊர்ப்பக்கம் கிளம்பினார்கள்.

பிழைக்கப் பட்டணம் போவதைப் பற்றித்தான் எப்போதும் பேசுகிறோம். பட்டணத்தை விட்டு ஊருக்கு வந்ததும் வரலாறுதான்.

இரண்டாவது தடவை 1942இல் நடந்தது. இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் பிப்ரவரியில் சிங்கப்பூரையும் மார்ச்சில் ரங்கூனையும் பிடித்தது. ஏப்ரல் 5ஆம் தேதி கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. அடுத்தது சென்னைதான் என்று பேச்சு. முக்கிய வேலை இல்லாதவர்கள் வெளியேறலாம் என்று அரசாங்கமே சொன்னது. லட்சக்கணக்கானோர் கிளம்பினார்கள். உயர் நீதிமன்றம்கூட கோயம்புத்தூருக்குப் போனது.

என் மாமியாரின் அம்மா அப்போது புதுசாக வாக்கப்பட்டு வந்த பெண். பட்டணத்திலிருந்து எட்டுப் பேர் அவர் வீட்டில் வந்து இறங்கினார்களாம். பர்மா அரிசி வருவதும் அந்த வருஷம்தான் நின்றுபோனது. "பானைதான் பெருசாச்சு, உள்ள போடுற தானியம் அதேதான். கூழைத் தண்ணியாக் கரைச்சு எல்லாருக்கும் ஊத்துவேன். கடைசியில எனக்குத் தண்ணிதான் மிஞ்சும்" என்று சொல்வாராம். நீதிமன்றம் இடம் மாறியது புத்தகத்தில் இருக்கிறது. அந்தக் கூழ்ப்பானை இல்லை.

மூன்றாவது தடவையை நாமே பார்த்தோம். 2020 மார்ச் 25 முதல் நாடு முழுக்க ஊரடங்கு. வடநாட்டுத் தொழிலாளர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் நடந்ததை டிவியில் பார்த்து அழுதோம். மே 1ஆம் தேதி முதல் விட்ட சிறப்பு ரயில்களில் மட்டும் 63 லட்சம் பேர் சொந்த மாநிலம் திரும்பினார்கள். ஜூன் 19 முதல் சென்னையில் கடுமையான ஊரடங்கு என்றதும் பரனூர் சுங்கச்சாவடியில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன.

எங்க வீட்டுக்கும் கொழுந்தன் குடும்பம் வந்தது, நாலு பேர். வந்தவர்களை வா என்றுதான் சொன்னோம். ஆனால் என் தோடு அடகுக்குப் போனது அந்த ஆடியில்தான்.

இருந்தாலும் 1942க்கும் 2020க்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அந்தக் காலத்துப் பெண் கையில் பானை மட்டும்தான் இருந்தது. நம்ம கையில் ரேஷன் அரிசி இருந்தது, குழுச் சேமிப்பு இருந்தது, நூறு நாள் வேலை இருந்தது. 2019-20இல் நாடு முழுக்க சுமார் 5 கோடியே 48 லட்சம் குடும்பங்கள் செய்த அந்த வேலையை, 2020-21இல் சுமார் 7 கோடியே 55 லட்சம் குடும்பங்கள் செய்தன. வந்தவர்களுக்கு யார் வேலை கொடுத்தது என்பதை இந்தக் கணக்கே சொல்லும்.

மூன்று தடவையும் பயம் தீர்ந்ததும் பெரும்பாலானவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். ஊரில் சோறு கிடைத்தது, மாசச் சம்பளம் கிடைக்கவில்லை. கொழுந்தனும் ஆறே மாதத்தில் பெயிண்ட் வேலைக்குப் போய்விட்டார். எதிர்வீட்டுப் பெண் மட்டும் போகவில்லை. பட்டணத்துத் துணிக் கம்பெனியில் தைத்தவள், எங்க குழுவில் உள்கடன் வாங்கித் தையல் மெஷின் போட்டாள். இன்று அவளிடம் இரண்டு பேர் வேலை பார்க்கிறார்கள். தங்க வைப்பதற்குச் சோறு மட்டும் போதாது, தொழில் வேண்டும் என்று அவளைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

சகோதரிகளே, உங்க குழுவின் 2020ஆம் வருஷத்துத் தீர்மான நோட்டை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். எங்க நோட்டில் "இந்த மாதம் சந்தா வரவில்லை, அபராதம் வேண்டாம் என ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று இருக்கிறது. கீழே பன்னிரண்டு கையெழுத்து. அந்த நோட்டைப் பழைய பேப்பருக்குப் போட்டுவிடாதீர்கள்.