எல்லைக்கல்லும் கணக்கேடும்: றக்வான மலைக்காடுகளின் பாதுகாப்பு வரலாறு குறித்த ஒரு மதிப்பீடு

இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்தில் இன்று எஞ்சியுள்ள இயற்கைக் காடுகளுட் பெரும்பாலானவை தேயிலையாலும் இறப்பராலும் வயல்களாலும் சூழப்பட்ட சிறு துண்டங்களேயாம். இரத்தினபுரி மாவட்டத்தின் தென்பகுதியில் அமைந்த றக்வான மலைத்தொடர் இவ்வுண்மையைத் தெளிவுறக் காட்டுவது. இத்தொடரின் மேற்கே சிங்கராச வனம் பரந்துள்ளது. கிழக்கே மோர்னிங்சைட், ஹந்தபான்எல்ல, கொங்கல முதலிய காடுகள் தோட்டங்களுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. களு, கிங், நில்வளா, வளவை ஆகிய நான்கு ஆறுகளின் கிளைகளுக்கும் இம்மலைகள் நீர்ப்பிறப்பிடமாக விளங்குகின்றன.

இக்காடுகளைப் பேணுதற்பொருட்டுக் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளாக மேற்கொள்ளப்பட்ட முயற்சிகள் பல. அவை வெற்றி பெற்றனவா என்னும் வினாவும் அடிக்கடி எழுப்பப்பட்டதொன்றே. ஆயின், வெற்றி எந்த அளவுகோலால் அளக்கப்பட்டது, அவ்வளவுகோலை வகுத்தோர் யாவர், அதில் எவர் இடம்பெறவில்லை என்பன போதிய கவனம் பெறவில்லை. இவ்வினாக்களை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. காடு அரசுடைமையானமை

காடு பேணும் கொள்கையின் தோற்றத்தை, காடழிப்பின் தோற்றத்தினின்றும் பிரித்து நோக்குதல் இயலாது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய நிலக் கட்டளைச் சட்டம், உரிமை நிறுவப்படாத காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியனவாகக் கருத வழிசெய்தது. கிராமத்தவரின் சேனைப் பயிர்ச்செய்கைக்கும் மேய்ச்சலுக்கும் பயன்பட்ட நிலம் இவ்வாறே விற்பனைக்குரிய பண்டமாயிற்று. கோப்பித் தோட்டங்கள் மலைநாடெங்கும் பரவின. றக்வானவும் அவ்வாறு கோப்பி பயிரிடப்பட்ட பகுதிகளுள் ஒன்றாகும். 1869இல் இலங்கையிற் கண்டறியப்பட்ட கோப்பி இலைநோய் அப்பயிரை வீழ்த்தியபின், தேயிலை அதன் இடத்தைப் பெற்றது. தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளரின் உழைப்பே இவ்விரு பயிர்களையும் நிலைநிறுத்தியது.

1873இல் ஜோசப் ஹூக்கர் என்னும் தாவரவியலறிஞர் உயர்மலைக் காடுகளின் அழிவு நீர்வளத்தைக் கெடுக்கும் என எச்சரித்தார். இதனைத் தொடர்ந்து ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட முடிக்குரிய காடுகளை விற்பது தடுக்கப்பட்டது. இத்தடை இலங்கையின் காடுபேணல் வரலாற்றில் முக்கியமானதோர் அடியெனப் போற்றப்படுவதுண்டு. எனினும் றக்வான மலைகள் ஆயிரத்து நானூறு மீற்றரையும் எட்டாதவை. அதாவது ஐயாயிரம் அடிக்குக் குறைந்தவை. எனவே அக்கோட்டின் காப்பு இம்மலைகளுக்குக் கிட்டவில்லை. ஒரே அளவான உயரக்கோடு நாடு முழுவதற்கும் பொருந்தும் என்னும் எண்ணம், உயிரினச் செறிவு மிக்க தாழ்மலைக் காடுகளைக் கணக்கினின்றும் விலக்கிற்று என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது.

சிங்கராச வனம் 1875ஆம் ஆண்டு மே மாதம் 3ஆந் திகதி வர்த்தமானி மூலம் ஒதுக்கப்பட்டது. 1882இல் வின்சென்ற் என்பார் இலங்கையின் வன நிருவாகம் பற்றிய அறிக்கையை அளித்தார். 1885இலும் 1907இலும் வனக் கட்டளைச் சட்டங்கள் இயற்றப்பட்டன. இவற்றின் அடிப்படை நோக்கம் மரவளத்தை அரசின் கட்டுப்பாட்டிற்குள் கொண்டுவருதலேயன்றி உயிரினங்களைப் பேணுதலன்று. செங்குத்தான சரிவும், இடையறாத மழையும், பாதையின்மையும் சிங்கராசத்தைக் காத்த அளவிற்குச் சட்டம் அதனைக் காத்ததா என்பது ஐயத்திற்குரியதே.

2. ஒட்டுப்பலகையும் மக்கள் எதிர்ப்பும்

1936இல் இக்காட்டை ஆராய்ந்த பேக்கர் என்னும் ஆங்கில விலங்கியலறிஞர், தீவில் எஞ்சியுள்ள குறிப்பிடத்தக்க பரப்புடைய கன்னி மழைக்காடு இதுவென மறு ஆண்டு எழுதினார். அவ்வறிவு ஆய்வேடுகளில் உறங்கியது. 1970களின் தொடக்கத்தில், கொஸ்கமவில் அமைக்கப்பட்ட ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்கு மூலப்பொருள் வழங்குதற்பொருட்டுச் சிங்கராசத்தின் மேற்குப் பகுதியில் இயந்திரங்கொண்டு மரம் வெட்டும் பணி தொடங்கப்பட்டது. இறக்குமதிக்குப் பதிலீடு காணுதலும் தேசியக் கைத்தொழிலை வளர்த்தலும் அன்றைய அரசின் கொள்கை. முற்போக்கான நோக்குடைய ஒரு பொருளாதாரக் கொள்கை, மீளாக்கவியலாத ஓர் இயற்கை வளத்தை விலையாகக் கேட்டது. இம்முரண்பாட்டை இடதுசாரிச் சிந்தனையாளர் பலர் அக்காலத்தில் எதிர்கொள்ளத் தவறினர் என்பதை நாம் ஒளிவின்றி ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

எதிர்ப்பு, வனசீவராசிகள் மற்றும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தினரிடமிருந்தும் பல்கலைக்கழக அறிஞரிடமிருந்தும் எழுந்தது. அவ்வியக்கத்தில் முன்னின்றவர் தீலோ ஹொப்மன். 2004இல் அறிவியலுலகிற்கு அறிமுகப்படுத்தப்பட்ட ஒரு சிறு ஆந்தையினம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. 1977-78 காலப்பகுதியில் மரம் வெட்டுதல் நிறுத்தப்பட்டது. 1978இல் யுனெஸ்கோவின் மனிதனும் உயிர்க்கோளமும் திட்டத்தின்கீழ் இக்காடு உயிர்க்கோள ஒதுக்கமாயிற்று. 1988ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேசிய மரபுரிமை வனப்பகுதிகள் சட்டத்தின்கீழ் அவ்வாண்டிலேயே மரபுரிமைக் காடாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. உலக மரபுரிமைப் பட்டியலிலும் அதே ஆண்டில் இடம்பெற்றது.

3. எதனை அளந்தோம்?

பாதுகாப்புத் திட்டமொன்றை மதிப்பிடுவோர் முதலில் அளப்பது பரப்பளவையே. ஆயின் சிங்கராசத்தின் பரப்பளவே ஒன்றாக இல்லை. உலக மரபுரிமைப் பதிவு 8,864 ஹெக்டயர் என்கிறது. மரபுரிமைக் காட்டின் முழுப்பரப்பு 11,187 ஹெக்டயர் எனப் பல நூல்கள் கூறுகின்றன. அயற்காடுகளையும் இணைத்து 36,000 ஹெக்டயராக விரிவாக்கும் முடிவு 2019இல் அறிவிக்கப்பட்டது. வரைபடத்தில் ஒரு கோடு நகர்ந்தால் பாதுகாக்கப்பட்ட பரப்பு ஒரே நாளில் நான்கு மடங்காகலாம். நிலத்தில் ஒரு மரமேனும் அதனாற் கூடுவதில்லை. பரப்பளவு திட்டத்தின் கருவியேயன்றி அதன் பயனன்று.

இரண்டாவது அளவுகோல் காட்டின் நிலை. இதில் நமது பல்கலைக்கழகங்களின் பங்கு பெருமைப்படத்தக்கது. பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குணதிலக்க இணையர் முன்னெடுத்த ஆய்வுகளின் தொடர்ச்சியாக, 1993இல் 25 ஹெக்டயர் நிலையான ஆய்வுநிலம் அமைக்கப்பட்டு, இரு இலட்சத்திற்கு மேற்பட்ட மரங்கள் ஒவ்வொன்றாக அளந்து பதிவு செய்யப்பட்டன. இத்தகைய நீண்டகாலப் பதிவு இல்லாத இடத்தில் மதிப்பீடு என்பது வெறும் அபிப்பிராயமே.

காலம் ஒரு மதிப்பீட்டை எவ்வாறு மாற்றும் என்பதற்குக் காட்டோரத்தில் நடப்பட்ட கரிபியப் பைன் மரங்கள் சான்றாகும். 1978 முதல் எல்லையோரத் தரிசுகளில் இவை நடப்பட்டன. நட்ட ஏக்கரைக் கணக்கிட்ட அதிகாரிக்கு இது வெற்றி. இனவளம் குன்றிய ஒற்றைப்பயிர்க் காட்டைக் கண்ட சூழலியலாளருக்கு இது தோல்வி. பின்னர் 1990களில், பைன் நிழலிடையே மழைக்காட்டு மரக்கன்றுகளை நட்டு வளர்க்கலாம் என ஆய்வுகள் காட்டின. தோல்வி எனப்பட்டது மீளாக்கத்திற்கு ஒரு படியாக அமையக்கூடும் என்பது தெரியவந்தது. திட்டம் முடியும் ஆண்டிலேயே எழுதப்படும் அறிக்கை இத்தகைய உண்மைகளைக் காணவியலாது.

மூன்றாவது அளவுகோல் கடினமானது: திட்டம் இல்லாதிருப்பின் என்ன நிகழ்ந்திருக்கும்? கொஸ்தாரிக்காவின் பாதுகாக்கப்பட்ட காடுகளைப் பற்றி 2008இல் வெளியான ஓர் ஆய்வு, அக்காடுகளுள் ஏறத்தாழப் பத்திலொரு பங்கே காப்பின்றேல் அழிந்திருக்கும் எனக் கண்டது. எஞ்சியவை எட்டாத சரிவுகளிலும் பயிருக்கு ஒவ்வாத நிலத்திலும் இருந்தமையால் எவ்வாறாயினும் தப்பியிருக்கும். சிங்கராசத்தின் நடுப்பகுதிக்கும் இவ்வாதம் ஓரளவு பொருந்தும். ஆனால் 1970களில் வெட்டு இயந்திரம் உண்மையாகவே உள்ளே புகுந்திருந்தது. ஆதலின் 1977-78இன் தடை, எதனைத் தடுத்தது என நாம் சுட்டிக்காட்டக்கூடிய அரிதான நிகழ்வாகும். அதன்பின் வந்த பட்டங்களும் பிரகடனங்களும் அத்துணைத் தெளிவாக நிறுவத்தக்க பயனை உடையனவல்ல. 2020இல் லங்காகமப் பாதை விரிவாக்கம் எழுப்பிய சர்ச்சை, உலக மரபுரிமை என்னும் பட்டம் தன்னளவிற் காவலன்று என்பதை உணர்த்திற்று.

4. கிழக்கின் சிறு காடுகள்

சிங்கராசத்தின் ஆய்வும் சுற்றுலாவும் பெரும்பாலும் வடமேற்கிலுள்ள குடாவைப் பக்கமாகவே வளர்ந்தன. கிழக்கே றக்வான, சூரியகந்தைப் பக்கத்தில் உள்ள காடுகள் நெடுங்காலம் பின்தள்ளப்பட்டிருந்தன. ஆனால் சிறுமை, வறுமையன்று என்பதை இக்காடுகள் மெய்ப்பித்தன. கொம்போணான் பேரினத்தைச் சேர்ந்த செரற்றோபோரா கறு, செரற்றோபோரா ஏர்டெலெனி ஆகியவை 1998இல் இப்பகுதியிலிருந்து விபரிக்கப்பட்டன. கலோற்றெஸ் தெசில்வாய் என்னும் ஓணானினம் 2005இல் மோர்னிங்சைட்டிலிருந்து விபரிக்கப்பட்டது. இத்தொடரின் சில முகடுகளுக்கே உரிய மரத்தவளையினங்கள் பலவும் அண்மைக் காலத்திலேயே கண்டறியப்பட்டன. இவ்வுயிரினங்களுக்குச் சிறு காடு உலகின் முழுமை. அது அழியின் இனமே அழியும்.

சிறு காட்டின் இடர் அதன் ஓரத்திலே தொடங்குகின்றது. பரப்புக் குறையக் குறைய, உட்பகுதியை நோக்க ஓரத்தின் நீளம் மிகும். வெயிலும் காற்றும் களைச்செடியும் உட்புகும். ஆகவே சிறு காட்டின் விதி அதன் அயலாரின் வாழ்வோடு பிரிக்கவியலாது பிணைந்துள்ளது. ஒரு திணைக்களம் எல்லைக்கல் நாட்டுகையில் மற்றொரு நிறுவனம் தேயிலைக்கு மானியம் வழங்குகின்றது. இலங்கைத் தேயிலையில் எழுபது வீதத்திற்கு மேல் இன்று சிற்றுடைமையாளரின் விளைவு. அவர்களிற் பெருந்தொகையினர் தாழ்நாட்டு ஈரவலயத்தினர். வனத்திட்டத்தின் அறிக்கையில் மானியத்தின் விளைவும், மானியத் திட்டத்தின் அறிக்கையில் காட்டோரத்தின் தேய்வும் ஒருங்கே நோக்கப்படாதவரை இரண்டும் தத்தம் ஏட்டில் வெற்றியாகவே எழுதப்படும்.

5. கணக்கேட்டில் இல்லாதவர்

1980களின் பிற்பகுதி முதல், அயலாரை விலக்கிக் காட்டைக் காக்கவியலாது என்னும் கருத்து வலுப்பெற்றது. கித்துள் கருப்பட்டி, பிரம்பு, ஏலம், மருந்து மூலிகை ஆகியவற்றிற்காகக் காட்டை நாடிய சிங்களக் கிராமத்தவரின் தேவைகள் ஆராயப்பட்டன. கிராமச் சங்கங்கள் அமைக்கப்பட்டன. இது வரவேற்கத்தக்க மாற்றமே.

ஆனால் கிழக்குச் சரிவின் அயலார் யாவர்? தோட்ட லயங்களில் நான்கைந்து தலைமுறையாக வாழும் தமிழ்த் தொழிலாளரும் அவர்களுள் அடங்குவர். விறகும் ஊற்றுநீரும் மலைக்காட்டிலிருந்தே இவர்களை வந்தடைகின்றன. மண்சரிவின் முதற் பலியாகும் அச்சமும் இவர்களுக்கே உரியது. 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் இரத்தினபுரி மாவட்டத்தைத் தாக்கிய வெள்ளமும் மண்சரிவும் மலைச்சரிவுக் குடியிருப்பின் நிலையை நாடறியச் செய்தன.

எனினும் இவர்கள் சட்டத்தின் கண்ணிற் கிராமத்தவர் அல்லர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இவர்களிற் பெரும்பான்மையினரை நாடற்றவராக்கியது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியதேயன்றி, லயத்து மனிதனுக்கு ஒரு பேர்ச் நிலத்தையும் உரிமையாக்கவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் நிலைமையால், தோட்டக் குடியிருப்பில் உள்ளூராட்சி நிதியைச் செலவிடுதல் தடைப்பட்டிருந்தது. இத்தடை 2018இன் திருத்தத்தினாலேயே நீங்கியது. நிலவுடைமையும் கிராம அமைப்பும் பங்கேற்பின் தகைமைகளாகக் கொள்ளப்படும் ஒரு திட்டத்தில் இம்மக்களுக்கு இடம் எங்ஙனம் வாய்க்கும்?

வேறொன்றும் உண்டு. திட்டத்திற்கு முன்னும் பின்னும் அயலாரை ஒப்பிடும் முறை, அயலார் மாறாதிருப்பர் எனக் கொள்கின்றது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் விளைவாக இலட்சக்கணக்கானோர் இந்தியாவிற்கு அனுப்பப்பட்டனர். 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் இனவன்செயல்கள் சப்ரகமுவத் தோட்டங்களின் குடும்பங்கள் பலவற்றை வன்னிக்கும் பிற இடங்களுக்கும் விரட்டின. காட்டின் ஊற்றையும் விலங்கின் தடத்தையும் அறிந்திருந்தோர் அகன்றபோது அவ்வறிவும் அகன்றது. மரங்களை எண்ணிப் பதிந்த தலைமுறையில், அம்மனிதரின் அறிவை எவரும் எண்ணிப் பதியவில்லை. இது அறிவியலின் குறையெனக் கொள்வதைவிட, அறிவியலுக்கு வினாக்களை வகுத்தளித்த சமூகத்தின் குறையெனக் கொள்ளலே பொருந்தும்.

6. முடிவுரை

மேற்கூறியவற்றை நோக்குமிடத்துச் சில முடிபுகள் பெறப்படுகின்றன. முதலாவது, பரப்பளவும் பட்டமும் வெற்றியின் சான்றாகா. நிலத்தின் நீண்டகாலப் பதிவே சான்றாகும். குடாவையில் உள்ளதைப் போன்ற நிலையான ஆய்வுநிலம், சிறிய அளவிலேனும், கிழக்கின் ஒவ்வொரு காட்டுத் துண்டத்திற்கும் வேண்டும். இரண்டாவது, மதிப்பீடு திட்டத்தை நடத்தும் நிறுவனத்தின் கையில் மட்டும் இருத்தலாகாது. எதிரெதிரான கொள்கைகளை ஒருங்கே நோக்கும் சுதந்திரம் அதற்கு வேண்டும். மூன்றாவது, பாதுகாப்பின் பயனை ஆற்றின் கீழ்ப்பகுதி மாந்தரும் சுற்றுலா வணிகரும் உலக அறிவியலும் பெறுகையில், அதன் செலவை யார் சுமக்கின்றனர் என்பது கணக்கேட்டில் எழுதப்படல் வேண்டும்.

காட்டையா, தொழிலாளியையா காப்பது என்னும் வினாவை நாம் ஏற்கவில்லை. இருவரின் நிலையும் ஒரே வரலாற்றின் விளைவு. 1840இன் சட்டத்தில் தரிசு எனப்பட்ட காடும், அக்காட்டை வெட்டிய நிலத்தில் உழைப்பாக மட்டும் எண்ணப்பட்ட மனிதனும் ஒரே பேரேட்டின் இரு பக்கங்களில் எழுதப்பட்டவர்கள். தோட்டத் தொழிலாளிக்குக் காணியுரிமையும் பாதுகாப்பான வீடும் மாற்று எரிபொருளும் கிட்டுமாயின், காட்டோரத்தின் காவலன் அவனேயாவான். றக்வான மலைகளைப் பற்றி இனி எழுதப்படும் மதிப்பீடு லயத்து வாசலிலிருந்தும் தொடங்கப்படல் வேண்டும். அப்பணியில் நமது பல்கலைக்கழகத் தமிழ் ஆய்வாளருக்கும் ஒரு கடமையுண்டு: தோட்ட மக்களின் வாய்மொழியில் எஞ்சியுள்ள காட்டறிவை, அதனை உடைய முதியோர் இருக்கும்போதே பதிந்து வைத்தல்.