கையெழுத்துக்காகக் காத்திருக்கும் மருந்து

விடியக்காலமை கொடிகாமச் சந்தியில பஸ்சுக்கு நிக்கிற ஆக்களைக் கவனிச்சிருக்கிறீங்களா? கனபேரின்ர பைக்குள்ள கிளினிக் கொப்பி இருக்கும். சாவகச்சேரிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போய், நம்பர் எடுத்து, டொக்டரைக் கண்டு, மருந்துக்கு இன்னொரு வரிசையில நிண்டு திரும்பப் பின்னேரமாகிவிடும். மருத்துவம் இலவசம்தான், ஆனால் ஒரு நாள் கூலி போய்விடும். "கவுண்மென்ட் ஆஸ்பத்திரி எண்டால் அப்பிடித்தான்" என்று சொல்லிப் பழகிவிட்டோம். அது ஏன் அப்படியானது?

எங்கட அம்மம்மாக்களைக் கேட்டால் 1990இலிருந்து தொடங்குவார்கள். அந்த ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டதும் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. மண்ணெண்ணெய், பற்றரியோடு மருந்தும் கட்டுப்பாட்டுக்குள் போனது. இங்கே என்ன மருந்து தேவை என்று டொக்டர்மார் எழுதினாலும், பாதுகாப்பு அமைச்சு அனுமதிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கப்பல். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் இடம்பெயர்ந்து லட்சக்கணக்கான சனம் தென்மராட்சிக்குள் வந்தது. நோயாளிகள் கூடினார்கள், கையெழுத்து வைக்கிற இடம் மட்டும் கொழும்பாகவே இருந்தது.

யுத்தம் 2009இல் முடிந்தது. ஆனால் கோப்பு போகிற பாதை நேராகவில்லை. 1987இல் வந்த 13ஆவது திருத்தம் சுகாதாரத்தை மாகாணங்களோடு பகிர்ந்தது. அதனால் யாழ் போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ், சாவகச்சேரி ஆதார வைத்தியசாலை மாகாணத்தின் கீழ். மாகாண ஆஸ்பத்திரிக்கும் டொக்டர்மாரை நியமிப்பது மத்திய அமைச்சுத்தான். கட்டடம் ஒரு கையில், ஆளணி இன்னொரு கையில்.

2024 ஜூலையில் தென்மராட்சிச் சனம் சாவகச்சேரி ஆஸ்பத்திரிக்கு முன்னால் இறங்கியது இந்தப் பின்னணியில்தான். பதில் அத்தியட்சகராக வந்த அர்ச்சுனா இராமநாதன் சொன்னதெல்லாம் சரியா என்பதில் எங்களுக்குள்ளேயே சண்டை. அந்த நவம்பரில் அவர் எம்.பி. ஆனார். ஆனால் ஒரு ஆளைப் பற்றியே கதைச்சுக் கதைச்சு, கேள்வியை விட்டுவிட்டோம்.

கேட்பதற்கும் இடமில்லை. 2013இல் முதன்முதலாகத் தெரிவான வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் நடக்கவில்லை, ஆளுநரின் நிர்வாகம்தான். "எல்லாத்தையும் கொழும்பே எடுக்கட்டும்" என்கிறவர்களும் இருக்கிறார்கள். தூரத்துக் கையெழுத்து என்ன செய்யும் என்று 90கள் காட்டவில்லையா?

வரிசையில நிண்டு களைச்சுப்போய், மருந்து குடுக்கிற மிஸ்ஸோட சண்டை பிடிக்கிறது லேசு. அவவும் மேலிருந்து வருகிறதைத்தான் பார்த்திருக்கிறா. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் எங்கட கையில இருக்கு. கோரிக்கைக்கு 14 வேலைநாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். எங்கட ஆஸ்பத்திரிக்கு அனுமதிக்கப்பட்ட ஆளணி எத்தனை, வெற்றிடம் எத்தனை, அந்தக் கோப்பு இப்ப யாரின்ர மேசையில? இந்த மூன்றையும் எழுதிக் கேட்போம். எழுத ஏலாத அம்மம்மாக்களுக்கு நாங்கள் எழுதிக் குடுப்போம்.