வான் தீவு அரிப்பு

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுள் ஒன்றான, தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவின் நிலம் கடலில் கரைந்துபோன நிகழ்வு. 1986இல் ஏறத்தாழ 16 ஹெக்டேராக இருந்த தீவு, 2014இல் சுமார் 2 ஹெக்டேராகச் சுருங்கியது. சுண்ணாம்புக் காளவாய்க்கும் வீட்டுச் சுவருக்குமாகப் பவளப்பாறையைக் கடப்பாரையால் பெயர்த்து, வள்ளம் வள்ளமாகக் கரையேற்றியதே இதற்கு முதன்மைக் காரணம். நாலு கல் போனதில் கடலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆண்டுக்கணக்கில் போனபோது, பாறையில் மோதி உடைய வேண்டிய அலை நேரே கரைக்கு வந்து மணலை வாரிக்கொண்டு போனது. பக்கத்து விலங்குசல்லித் தீவும், கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டியும் முழுதாக மூழ்கிவிட்டன.

பவளப்பாறையை இழந்த கரைக்குச் சுனாமியாலும் கேடு கூடும். 2004 சுனாமியை எழுப்பியது சுமத்ரா நிலநடுக்கம். எந்தக் கடப்பாரைக்கும் அந்த வலு கிடையாது. ஆனால் அழிவின் அளவு கடப்பாரையாலும் மாறும். சுனாமிக்குப் பின் இலங்கையில் நடந்த கள ஆய்வின்படி, பவளம் காக்கப்பட்ட ஹிக்கடுவையில் அலை ஏறக்குறைய 50 மீட்டர்தான் உள்ளே வந்தது. பவளம் தோண்டப்பட்ட பெரலியாவில் ஒன்றரைக் கிலோமீட்டர் புகுந்தது. பயணிகள் இரயிலொன்று புரண்டு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டது அங்கேதான்.

வான் தீவின் முன்னே 2015 முதல் துளையிட்ட கான்கிரீட் செயற்கைப் பாறைகள் இறக்கப்பட்டன. அவற்றின் மறைவில் மணல் மெல்லச் சேர்ந்துவருகிறது.