வட்டை விதானையும் விஞ்ஞானியும்

கல்முனைக் கரையிலிருந்து உள்நாடு நோக்கிச் சம்மாந்துறைக்குச் செல்பவர் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை வயல்களையே காண்பர். இப்பகுதி மக்கள் நெற்பயிரையே வேளாண்மை என்று அழைப்பர். அந்தச் சம்மாந்துறையில்தான் இன்று தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இயங்குகிறது. பீடத்தினுள் இருப்பவர் விஞ்ஞானி; வரம்பில் நிற்பவர் விவசாயி. இந்தப் பாகுபாடு நமக்கு இயல்பானதாகவே தோன்றுகிறது. ஆனால் இதற்கும் ஒரு வரலாறு உண்டு.

'சயன்டிஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல் அப்படியொன்றும் பழையதன்று. 1833இல் கேம்பிரிட்ஜில் கூடிய அறிஞர்கள் மத்தியில் வில்லியம் ஹியூவெல் அதனை முன்மொழிந்தார். மறு ஆண்டு மேரி சோமர்வில் அம்மையாரின் நூலுக்கு அவர் எழுதிய மதிப்புரையில் அது அச்சேறியது. அந்த அம்மையாருக்கோ லண்டன் ரோயல் சங்கத்தின் கதவு திறக்கவேயில்லை. பெண்கள் அதன் அங்கத்தவராவதற்கு 1945 வரை காத்திருக்க நேர்ந்தது. புத்தகம் கட்டும் தொழில் பயின்று வந்த மைக்கேல் பரடே அச்சொல்லை விரும்பவில்லை. உள்ளே யார், வெளியே யார் என்ற வழக்கு, சொல்லோடு சேர்ந்தே பிறந்தது போலும்!

நமது கரையில் அறிந்தவரைக் குறிக்கச் சொற்களுக்குப் பஞ்சமிருக்கவில்லை. மார்க்கம் அறிந்தவர் ஆலிம்; மருந்து அறிந்தவர் ஹகீம், பரிசாரியார். நீரை அறிந்தவருக்கு மட்டும் அறிவின் பெயர் கிட்டவில்லை, பதவியின் பெயரே கிட்டியது. அவர் வட்டை விதானை. வட்டை என்பது வயற்பரப்பு. எந்நாளில் விதைப்பது, மாடுகளை எப்போது அப்புறப்படுத்துவது, எந்த வாய்க்காலுக்கு முதலில் நீர் விடுவது என்பவற்றை மேற்பார்த்தவர் அவரே.

1856இல் தேசாதிபதி ஹென்றி வார்ட் கொணர்ந்த நீர்ப்பாசனச் சட்டம் இந்தப் பழைய வழக்கங்களுக்கே சட்டவலு அளித்தது. அவர் காலத்தில் இறக்காமம், அம்பாறைக் குளங்களும் புதுப்பிக்கப்பட்டன. உழவரின் அறிவுக்கு ஆங்கிலேயன் தலைவணங்கினான் என்று மகிழ்ந்துவிடலாமா? சட்டம் அதனை 'வழக்கம்' என்றது, அறிவு என்னவில்லை. அந்த வழக்கத்தை எடுத்துரைக்கும் உரிமையும் நிலச் சொந்தக்காரரின் கூட்டத்துக்கே கிடைத்தது. போடியார் பேசினார். சேற்றில் இறங்கி வேலையை நடத்திய முல்லைக்காரருக்கு அங்கு வாக்கில்லை. ஆக, அறிந்தவனை வெளியே நிறுத்தும் வித்தை வெள்ளைக்காரன் மட்டும் கற்றிருந்ததன்று. நமது ஊர்களிலும் அது செழித்திருந்தது. 1958இல் பிலிப் குணவர்தன கொணர்ந்த நெற்காணிச் சட்டம் விதானைப் பதவியை நீக்கிப் பயிர்ச்செய்கைக் குழுக்களை முன்வைத்ததன் பொருளை இவ்விடத்திலிருந்தே விளங்கிக்கொள்ள வேண்டும்.

இதற்கிடையில் 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. இங்கினியாகலையில் அமெரிக்கக் கம்பனியொன்று அணை கட்டிற்று. சேனநாயக்க சமுத்திரம் உருவாயிற்று. நீர் இனிப் பொறியியலாளரின் கணக்கு. வாய்க்காலின் தலைப்பகுதியில் சிங்களக் குடியேற்றவாசிகள், கடைக்கோடியில் தமிழ் பேசும் உழவர்கள். 1956இல் இதே பள்ளத்தாக்கில் இனத்தின் பெயரால் இரத்தம் சிந்திற்று. பின்னர் ஆண்டுகள் செல்ல வாய்க்கால்கள் தூர்ந்தன. கடைக்கோடிக்கு நீர் வருவது அரிதாயிற்று. குற்றம் யாருடையது? உழவர்கள் பொறுப்பற்றவர்கள், நீரை விரயமாக்குபவர்கள் என்பதே அலுவலகங்களின் தீர்ப்பு.

1981ஆம் ஆண்டின் சிறுபோகம் அத்தீர்ப்பைச் சோதித்தது. சமுத்திரத்தில் கொள்ளளவின் கால்பங்கு நீரே இருந்தது. கொழும்பு கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் இணைந்து அனுப்பிய இளைஞர்கள் இடதுகரை வாய்க்கால்களில் உழவரைக் கூட்டிப் பேசினர். உழவர்கள் நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்த வாய்க்கால்களைச் சிரமதானம் செய்து வெட்டினர். முறைவைத்து நீர் பாய்ச்சினர். மிச்சம் பிடித்ததைக் கீழே உள்ளவருக்கு விட்டனர். தலைப்பகுதிச் சிங்கள உழவர் கடைக்கோடித் தமிழ் உழவருக்கு நீர் விட்டனர் என்பதை மீண்டுமொருமுறை வாசியுங்கள். பின்பு திருத்த வேலைகளைத் திட்டமிடப் பொறியியலாளர்கள் உழவரோடு வாய்க்கால் நெடுக நடந்தனர். அங்கு பணிபுரிந்த நோர்மன் அபொஃப் 1992இல் எழுதிய நூலுக்குக் கல்லோயாவிடமிருந்து கற்றல் என்ற பொருளிலேயே பெயரிட்டார். நேர்மையான தலைப்பு.

விதையின் கதையும் இதுவே. 1950களின் பிற்பகுதியில் பத்தலகொடவில் ஹெக்டர் வீரரத்ன உருவாக்கிய எச்-4 என்ற நெல் நாட்டின் விளைச்சலை உயர்த்திற்று. அதன் பெற்றோரில் ஒன்று இந்தோனேசியாவின் மாஸ்; மற்றது முருங்கைக்காயன் என்ற நம் நாட்டு நெல்லிலிருந்து தெரிந்தெடுத்த வகை. பெயரே தமிழாய் ஒலிக்கிறது. வீரரத்னவின் பெயர் வரலாற்றில் நிற்கிறது, நிற்கத்தான் வேண்டும். முருங்கைக்காயனைத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்து விதைத்தவர் பெயர் எதுவும் நிற்கவில்லை.

இதனால், பழையன எல்லாம் விஞ்ஞானமே என்று கூத்தாடும் கூட்டத்தோடு நாம் சேர்ந்துவிட முடியாது. நெல் விளைந்த நிலத்தில் மலேரியாவும் விளைந்தது. அதனைக் கொண்டுவருவது நுளம்பு என்பது எந்த வரம்பிலிருந்தும் தெரியவில்லை. 1897இல் செக்கந்தராபாத்தில் நுணுக்குக்காட்டியின் முன் அமர்ந்த ரொனால்ட் ரொஸ்ஸுக்கே தெரிந்தது. சொன்னதைப் பிறர் சோதிக்க விடுவதே விஞ்ஞானியின் அடையாளம். பட்டம் அன்று, பழமையும் அன்று. அந்த உரைகல்லில் 1981இன் உழவர்கள் தேறினர். அவர்களைப் பொறுப்பற்றவர்கள் என்ற அலுவலகக் கூற்றோ சோதிக்கப்படாமலே ஆண்டுக்கணக்கில் உண்மையாக உலவிற்று.

இன்றும் ஆய்வறிக்கைகளில் உழவர் பெரும்பாலும் 'தகவல் தந்தோர்' என்ற பன்மைக்குள் மறைந்துபோகிறார். நிந்தவூரிலும் சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் கற்பிக்கும் ஆசிரியர்கள் ஒன்று செய்யலாம். மழையைப் பற்றியும் பூச்சியைப் பற்றியும் மூத்த முல்லைக்காரர்கள் சொல்வதை, சொன்னவர் பெயரோடு மாணவர்கள் எழுதட்டும். அடுத்த போகத்தில் அது சரியா பிழையா என்று அவர்களே பார்த்துப் பக்கத்தில் குறிக்கட்டும். அதற்கு நிதியும் வேண்டாம், அனுமதியும் வேண்டாம். ஓர் அப்பியாசக் கொப்பி போதும்.