ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்ட விளையாட்டு

லிட்டில் இந்தியாவைக் கடந்து சிலிகி சாலைக்குள் நுழைந்தால், 2000களின் தொடக்க ஆண்டுகளில், மாலை வேளைகளில் ஒரு புதுவகைச் சத்தம் காதில் விழும். பாரடிஸ் சென்டர், பார்க்லேன் ஆகிய கடைத்தொகுதிகளில் இயங்கிய ‘லேன்’ கடைகளின் சத்தம் அது. குளிரூட்டிய அரையிருட்டு அறை. வரிசை வரிசையாகக் கணினிகள். ஒவ்வொரு கணினியின் முன்னும் ஹெட்ஃபோன் மாட்டிய ஓர் இளையர். மணிக்கு இத்தனை வெள்ளி என்று வாடகை. “பின்னால் வருகிறான், பார்”, “போகாதே, நில்” என்று தமிழும் மலாயும் ஹொக்கியனும் ஆங்கிலமும் கலந்து கத்துவார்கள். பாரடிஸ் சென்டர் பிற்காலத்தில் ‘போமோ’ என்றும் அதன்பின் ‘கிரிட்’ என்றும் பெயர் மாறிவிட்டது. அந்தக் கூச்சலைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்று தங்கள் பிள்ளைகளைக் கைபேசியைக் கீழே வைக்கச் சொல்லும் வயதில் இருக்கிறார்கள்.

அவர்களில் பலர் ஆடியது கவுண்டர் ஸ்டிரைக். கனடாவில் படித்துக்கொண்டிருந்த மின் லீ என்ற வியட்நாமிய வம்சாவளி மாணவரும் ஜெஸ் கிளிஃப் என்ற அமெரிக்க இளைஞரும் 1999இல் பொழுதுபோக்காக உருவாக்கியது. ஹாஃப் லைஃப் என்ற விளையாட்டை மாற்றியமைத்து அதை இலவசமாக வெளியிட்டார்கள். 2000ஆம் ஆண்டு நவம்பரில் வால்வ் நிறுவனமே அதைக் கடைகளுக்குக் கொண்டுவந்தது. ஐந்து பேர் பயங்கரவாதிகள், ஐந்து பேர் அவர்களைத் தடுப்பவர்கள். ஓர் அணி குண்டு வைக்க வேண்டும். மற்ற அணி அதைச் செயலிழக்கச் செய்ய வேண்டும்.

அதற்கு முன் வந்த துப்பாக்கி விளையாட்டுகளில் தனியொருவன் புகுந்து எல்லாரையும் சுட்டுத்தள்ளலாம். இதில் அது நடக்காது. ஒருமுறை செத்தால் அந்தச் சுற்று முடியும்வரை எழ முடியாது. மிச்சமிருக்கும் தோழர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். முன்கோபக்காரனுக்கு அது பெரிய தண்டனை. ஒவ்வொரு சுற்றுக்கும் துப்பாக்கி வாங்கக் காசு வேண்டும். தோற்றால் காசு குறையும், ஆகவே அணியே கூடி இந்தச் சுற்றில் செலவழிப்பதா சேமிப்பதா என்று முடிவெடுக்க வேண்டும். குறிபார்த்துச் சுடத் தெரிந்தவனைவிட, எந்தப் பக்கம் எத்தனை பேர் வருகிறார்கள் என்று ஒழுங்காகச் சொல்லத் தெரிந்தவனுக்கு மதிப்பு அதிகம்.

பெற்றோர் இதையெல்லாம் பார்க்கவில்லை. அவர்கள் பார்த்தது மட்டம் போட்ட வகுப்பும் குறைந்த மதிப்பெண்ணும்தான். அதில் தவறும் இல்லை. அதிகாரிகளும் உரிம விதிகளைக் கொண்டுவந்து, வாரநாள் பகலில் பள்ளிச் சீருடையோடு வரும் மாணவர்களை உள்ளே விடக்கூடாது என்று கட்டுப்பாடு விதித்தார்கள். 2008 ஏப்ரலில் கணினி விளையாட்டுகளுக்கும் திரைப்படங்களைப் போல் வயதுவாரித் தரம் பிரிக்கும் முறை நடப்புக்கு வந்தது.

ஆனால் அதே பையனுக்கு 18 வயதானதும் வீட்டுக்குக் கடிதம் வரும். 1967இல் தொடங்கிய கட்டாய தேசிய சேவையின் அழைப்பு. தலைமுடியை மழித்துக்கொண்டு புலாவ் தெக்கோங் தீவுக்குப் படகேற வேண்டும். பயிற்சி முடிந்து காலாட்படைக்குப் போனால், ‘செக்‌ஷன்’ எனப்படும் ஏழு பேர் கொண்ட சிறு குழுவில் ஒருவன் ஆவான். லேன் கடையில் ஐந்து பேர், இங்கே ஏழு பேர். விளையாட்டைக் கண்டு வீடு பயந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், ராணுவமோ அந்த விளையாட்டிடமிருந்து என்ன கற்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தது.

போரை விளையாட்டாக ஆடிப் பழகுவது புதிய யோசனை அல்ல. 1824இல் பிரஷ்ய ராணுவம், ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி வடிவமைத்த வரைபட விளையாட்டை ஏற்றுக்கொண்டது. (சிங்கப்பூர்த் தீவு உடன்படிக்கை வழியாக முழுமையாகப் பிரிட்டிஷார் கைக்குப் போனதும் அதே ஆண்டுதான்.) வரைபடத்தின்மேல் கட்டைகளை நகர்த்திப் படைத்தலைவர்கள் பயின்றார்கள். கணினிக் காலத்தில் அமெரிக்க மரின் படையும் இதற்குத் துணிந்தது. 1996இல் டூம் 2 விளையாட்டில் வந்த பூதங்களை நீக்கிவிட்டு, நான்கு பேர் குழுவாகப் போரிடும் பயிற்சியாக மாற்றினார்கள். 1999இல் அமெரிக்க ராணுவத்தின் பணத்தில் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் படைப்புத் தொழில்நுட்பக் கழகம் என்ற ஆய்வுக்கூடம் பிறந்தது. ஹாலிவுட்காரர்களும் கணினி விஞ்ஞானிகளும் ராணுவத்தினரும் ஒரே மேசையில் உட்கார்ந்த இடம் அது.

அங்கிருந்து இரண்டு விளையாட்டுகள் வந்தன. ஒன்று ஃபுல் ஸ்பெக்ட்ரம் வாரியர். 2004இல் எக்ஸ்பாக்ஸ் கருவிக்காகக் கடைக்கும் வந்தது. கற்பனையான ஒரு நாட்டின் நகரத் தெருக்களில் நான்கு நான்கு பேராக இரண்டு குழுக்கள் முன்னேறும். இதில் வியப்பு என்னவென்றால், விளையாடுபவர் துப்பாக்கியைத் தொடவே முடியாது. “நீங்கள் அந்தச் சுவரின் மறைவிலிருந்து சுடுங்கள், நீங்கள் அந்தக் காருக்குப் பின்னால் ஓடுங்கள்” என்று கட்டளை மட்டும் இடலாம்.

மற்றொன்று ஃபுல் ஸ்பெக்ட்ரம் கமாண்ட். இது கடைக்கு வரவில்லை. சுமார் 120 வீரர்கள் கொண்ட ஒரு கம்பெனியின் தலைவராக இருந்து, திட்டமிட்டு, நடத்தி, முடிவில் அலசிப் பார்ப்பதற்கான பயிற்சிக் கருவி. இதன் பயனாளர்களாக ஆவணங்களில் இரண்டு ராணுவங்களின் பெயர்கள் உள்ளன: அமெரிக்க ராணுவம், சிங்கப்பூர் ஆயுதப்படை.

சிங்கப்பூர் ஏன் இதில் சேர்ந்தது என்பதைப் புரிந்துகொள்ள வரைபடத்தைப் பார்த்தாலே போதும். 700 சதுர கிலோமீட்டரைச் சற்றே தாண்டிய தீவு. பீரங்கி ஒன்று ஓடிச் சுடுவதற்கு இடம் தேடி ஆஸ்திரேலியாவுக்கும் பிற நாடுகளுக்கும் போக வேண்டிய நிலை. படையில் பெரும்பாலோர் முழுநேர வீரர்கள் அல்லர். வங்கியிலும் துறைமுகத்திலும் பள்ளியிலும் வேலை பார்த்துவிட்டு, ஆண்டுக்கு அதிகபட்சம் 40 நாள் சீருடை அணிபவர்கள். கார்ப்பரலுக்கும் அதற்கு மேற்பட்டவர்களுக்கும் இரண்டரை ஆண்டாக இருந்த முழுநேர சேவை, 2004 டிசம்பரில் எல்லாருக்கும் இரண்டு ஆண்டானது. குறைந்த நாளில், குறைந்த நிலத்தில், ஓர் இளம் அதிகாரிக்குப் பல சண்டைகளின் அனுபவத்தைக் கொடுத்தாக வேண்டும். கணினித் திரையில் தெருக்களுக்குப் பஞ்சமில்லை.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. திரையில் நடமாடும் வீரர்களைச் செயற்கை நுண்ணறிவு இயக்கியது. அவர்கள் சில நேரம் தலைவர் எதிர்பாராததைச் செய்தார்கள். இந்தக் கட்டடத்துக்குப் போகச் சொன்னால் அந்த மூலையில் நின்றார்கள். லேன் கடையில் என்றால் ‘கம்ப்யூட்டர் சரியில்லை’ என்று திட்டிவிட்டு அடுத்த சுற்றுக்குப் போய்விடலாம். பயிற்சிக்கு வந்த அதிகாரி அப்படிப் போக முடியாது. தவறு தன் கட்டளையிலா, வீரன் புரிந்துகொண்ட விதத்திலா, இயந்திரத்திலா என்று தெரியாவிட்டால், அவர் தவறான பாடத்தைக் கற்றுக்கொண்டு களத்துக்குப் போவார். அங்கே அவருக்குக் கீழே நிற்கப்போவது யாரோ ஒரு வீட்டின் நிஜப் பிள்ளை.

ஆய்வாளர்கள் இதற்குக் கண்ட வழி எளிமையானது. சண்டை முடிந்தபின் நடக்கும் அலசலில், பயிற்சி பெறுபவர் ஒரு நேரத்தையும் ஒரு வீரரையும் தேர்ந்தெடுத்து அவரிடமே கேள்வி கேட்கலாம். அப்போது என்ன செய்துகொண்டிருந்தாய், யார் கொடுத்த பணி, எதற்காக? கணினி வீரர் தாம் பதிந்துவைத்த குறிப்புகளிலிருந்து பதில் சொல்வார். நோயைக் கண்டறிய 1970களில் உருவான மருத்துவ மென்பொருள்கள் தங்கள் முடிவுக்குக் காரணம் சொன்னதே இதற்கு முன்மாதிரி. மைக்கேல் வான் லென்ட்டும் அவரது சகாக்கள் இருவரும் 2004இல் இதைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரையில் ‘விளக்கமளிக்கும் செயற்கை நுண்ணறிவு’ என்ற பெயரைச் சூட்டினார்கள். இன்று உலகெங்கும் புழங்கும் அந்தத் தொடரின் பிறப்பிடமாகப் பொதுவாகச் சுட்டப்படுவது, சிங்கப்பூர் ஆயுதப்படைக்காகவும் செய்யப்பட்ட இந்தப் போர் விளையாட்டைப் பற்றிய கட்டுரைதான்.

அப்போது இதை அதிகம் பேர் கவனிக்கவில்லை. 2016இல் அமெரிக்கத் தற்காப்பு ஆய்வு அமைப்பான டார்ப்பா அதே பெயரில் பெரிய ஆய்வுத் திட்டத்தை அறிவித்தது. 2019 ஜனவரியில் சிங்கப்பூர் வெளியிட்ட செயற்கை நுண்ணறிவு நிர்வாக முன்மாதிரிக் கட்டமைப்பு, இயந்திரம் எடுக்கும் முடிவுகள் விளக்கத்தக்கவையாக இருக்க வேண்டும் என்று கேட்டது. அது வங்கிக் கடனையும் வேலை விண்ணப்பத்தையும் போன்ற அன்றாடக் காரியங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது, போரைப் பற்றியதல்ல. இருந்தாலும் கேள்வி பழையதுதான்.

திரை எல்லாவற்றையும் கற்றுத்தராது என்பதையும் சொல்லியாக வேண்டும். தெக்கோங்கின் சேறும் முதுகுப்பையின் கனமும் அதில் இல்லை. சிலிகி சாலையிலிருந்து சற்று நடந்தால் வாட்டர்லூ ஸ்ட்ரீட். 1943 அக்டோபர் 22ஆம் தேதி ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் அங்கே திறக்கப்பட்டது. மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் பலர் அந்தப் படையில் சேர்ந்து, மெய்யான துப்பாக்கியைத் தோளில் ஏற்றிப் பழகினார்கள். அவர்களுக்கு இரண்டாவது சுற்று என்று ஒன்று கிடையாது. ஃபுல் ஸ்பெக்ட்ரம் வாரியரின் கதையிலும் இப்படி ஒரு திருப்பம் உண்டு. அந்த விளையாட்டுக்காக வரைந்த தெருக்களைக் கொண்டே, ஈராக்கிலிருந்து மனம் சிதைந்து திரும்பிய வீரர்களுக்கு ‘விர்ச்சுவல் ஈராக்’ என்ற சிகிச்சையை அதே ஆய்வுக்கூடம் உருவாக்கியது. போருக்குப் பழக்குவதற்காகக் கட்டிய தெருவில், போரிலிருந்து மீள்வதற்காக மறுபடியும் நடந்தார்கள்.

கேள்வி கேட்க ஆளில்லாத விளையாட்டு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குச் சிங்கப்பூரிலேயே ஒரு சம்பவம் உண்டு. 2023 பிப்ரவரியில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை வெளியிட்ட அறிக்கையில் 16 வயது மாணவர் ஒருவர் இடம்பெற்றார். ரோப்லாக்ஸ் இணைய விளையாட்டுத் தளத்தில் ஐஎஸ் அமைப்பின் பெயரில் சிலர் நடத்திய மெய்நிகர்ப் போர்க்களங்களில் அவர் சேர்ந்திருந்தார். சிரியப் பாலைவனம், பிலிப்பீன்ஸின் மராவி நகரம் ஆகியவற்றைப் போல் அமைத்த களங்கள் அவை. விளையாட்டில் தலைவராக இருந்தவருக்கு விசுவாசப் பிரமாணமும் செய்தார். பிரசாரப் பொறுப்பும் பெற்றார். அவருக்குக் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பிக்கப்பட்டது. சுடும் விளையாட்டை ஆடும் இலட்சக்கணக்கானோரில் இப்படிப் போகிறவர் மிக அரிது. ஆனாலும் அவரைக் கவர்ந்தது துப்பாக்கி மட்டுமல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். குழுவில் ஓரிடம், ஒரு பதவி, கட்டளையிட ஒருவர் என்று லேன் கடைப் பையன்களுக்குப் பிடித்த அதே சங்கதிகள்தான். லேன் கடையில் பக்கத்து நாற்காலியில் ஒரு நண்பனாவது இருந்தான்.

அதே 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் சன்டெக் மாநாட்டு மண்டபத்தில் ஒலிம்பிக் மின்விளையாட்டு வாரம் நடந்தது. 2005 நவம்பரில் உலக சைபர் விளையாட்டுப் போட்டிக்காக 67 நாடுகளின் ஆட்டக்காரர்கள் கூடி, கவுண்டர் ஸ்டிரைக்கும் ஆடிய அதே மண்டபம். இம்முறை துப்பாக்கிச் சுடுதலுக்கு ஃபோர்ட்நைட் விளையாட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் அதற்கென்று தனியாக ஒரு தீவை வடிவமைத்து, அதில் மனித உருவங்களுக்குப் பதிலாகக் குறிப்பலகைகளை நிறுத்திவைத்திருந்தார்கள்.