பார்க்கின்சன் நடுக்கத்துக்கான மருந்துகள்

நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோயில், கை சும்மா இருக்கும்போதுதான் நடுக்கம் மிகுதி. விநாடிக்கு 4 முதல் 6 முறை. 1817இல் இந்நோயை விவரித்த லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சனால், கழுத்தில் குருதி வடிப்பதையும் தோலில் கொப்புளம் எழுப்புவதையும்தான் சிகிச்சையாகச் சொல்ல முடிந்தது.

முதல் மருந்து ஊமத்தையின் குடும்பத்தைச் சேர்ந்த பெல்லடோனா போன்ற நச்சுச் செடிகளிலிருந்து வந்தது. பாரிஸ் சால்பெட்ரியேர் மருத்துவமனையில் நரம்பியல் மருத்துவர் சார்க்கோ 1860களில் அவற்றின் சாரங்களைக் கொடுத்தார். நரம்புச் செய்தி கடத்தும் அசிட்டைல்கோலினை அவை தடுக்கின்றன என்பது பிற்காலத்தில்தான் விளங்கியது. 1949இல் வந்த ட்ரைஹெக்ஸிஃபெனிடில் அதே வழியில் வேலை செய்யும் செயற்கை மருந்து. நடுக்கமே முதன்மைத் தொல்லையான இளவயது நோயாளிகளுக்கு இன்றும் தரப்படுகிறது. முதியவர்களுக்கோ ஞாபக மறதி, மனக்குழப்பம், சிறுநீர் அடைப்பு ஆகியவற்றைக் கொண்டுவரும் என்பதால் மருத்துவர்கள் தயங்குவார்கள்.

1957இல் சுவீடன் ஆய்வாளர் கார்ல்சன், சர்ப்பகந்தியிலிருந்து எடுத்த ரெசர்பின் கொடுத்து முயல்களை அசைவற்றுப் போகச் செய்தார். மூளையில் டோபமின் என்ற செய்தி கடத்தும் வேதிப்பொருளாக மாறும் லெவோடோபாவின் ஊசி அவற்றை மீண்டும் நடமாட வைத்தது. 1960இல் வியன்னாவில் எரிங்கரும் ஹோர்னிகீவிச்சும், இந்நோயால் இறந்தவர்களின் மூளையில் டோபமின் வெகுவாகக் குறைந்திருப்பதைக் கண்டனர். 1967இல் அமெரிக்காவில் மருத்துவர் கொட்ஸியாஸ், அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டி வாய்வழி டோபாவைப் பயனுள்ளதாக்கினார். இதே லெவோடோபாவைப் பூனைக்காலி விதையிலிருந்து சென்னையில் தாமோதரனும் ராமசாமியும் 1937இலேயே பிரித்தெடுத்திருந்தார்கள். நடுக்குவாதத்துக்கும் அதற்கும் தொடர்புண்டு என்று அன்று யார் நினைத்தார்கள்!

மூளைக்கு வெளியே லெவோடோபா வீணாவதையும் அதனால் வரும் குமட்டலையும் கார்பிடோபா குறைத்தது. இந்த இணைப்பே இன்றும் முதன்மை மருந்து. ஆனால் 1967ஐ வெற்றியின் முற்றுப்புள்ளியாகச் சொல்லும் வரலாறுகள் நடுக்கத்துக்குப் பொருந்தா. விறைப்பும் மந்தமும் தளர்ந்த பின்னும் சிலருக்குக் கை நடுங்கிக்கொண்டே இருக்கும். நடுக்கத்தில் டோபமின் குறைவோடு சிறுமூளையையும் தலாமசையும் இணைக்கும் சுற்றுக்கும் பங்குண்டு என்பது ஒரு விளக்கம்.

ஃபுளூ தடுப்புக்காக அமன்டடின் எடுத்த ஒரு பெண்ணுக்கு நடுக்கம் தணிந்தது. அது 1969இல் ஆய்விதழில் வெளியானது. 1990களில் டோபமினைப் போலச் செயல்படும் பிரமிபெக்சோல் சேர்ந்தது. பதற்றத்தால் கூடும் நடுக்கத்துக்குப் புரோப்ரனோலால் உதவலாம். எதற்கும் அடங்காதபோது குறைந்த அளவு க்ளோசாபின் உண்டு. வெள்ளணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைக்கக்கூடும் என்பதால், அதை எடுப்பவர்கள் இரத்தப் பரிசோதனையைத் தவறாமல் செய்துகொண்டே இருக்க வேண்டும்.