சுற்றுலா வீசா நீடிப்பு (இலங்கை)

சுற்றுலாப் பயணி ஒருவர் அனுமதிக்கப்பட்ட காலத்துக்கு மேலும் நாட்டில் தங்குவதற்கு, அக்காலம் முடியுமுன் பெறும் அனுமதி. 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் குடிவரவு, குடியகல்வுத் திணைக்களம் இதை வழங்குகிறது. 2012இல் நடைமுறைக்கு வந்த இலத்திரனியல் பயண அனுமதி வழமையாக 30 நாள் தங்கல் தரும்.

அம்பாறைக் கரையில் நீடிப்புக்கான தேவை பொத்துவிலை அடுத்த அறுகம் குடாவில் மிகுதி. அலைச்சறுக்குப் பருவம் ஏறத்தாழ ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை நீள்வதால் ஒரு மாதம் பலருக்குப் போதாது. முன்பு நாட்டின் மறுகரையிலுள்ள பத்தரமுல்லைத் தலைமையகம் வரை போகவேண்டியிருந்தது; பின்னர் இணையவழி விண்ணப்பமும் வந்தது.

2020இல் கொரோனாவால் விமானப் பயணம் தடைப்பட்டபோது, சிக்கியிருந்த வெளிநாட்டவரின் வீசாக்களை அரசு பலமுறை நீடித்தது. 2022இல் உக்ரைன் போர் மூண்டபின் ரஷ்ய, உக்ரைனியப் பயணிகளுக்கு அளித்த நீடிப்புச் சலுகை 2024 தொடக்கத்தில் நிறுத்தப்பட்டது. நீடிப்பு தங்குவதற்கு மட்டுமே; தொழில் செய்யும் உரிமையைத் தராது.